சாணார்பட்டியில் ஒரு தலைக்கட்டு

திண்டுக்கல்லில் நத்தம் வண்டி ஏறினால் ஊர் முடிந்த கையோடு வலப்பக்கம் சிறுமலை வந்துவிடுகிறது. சாணார்பட்டி வரைக்கும் அது கூடவே வரும். செம்மண் காடு, புளியமரம், மாந்தோப்பு, நடுநடுவே மானாவாரியாகக் கடலை போட்ட நிலம். சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டிகள்: ராஜக்காபட்டி, கம்பிளியம்பட்டி, வேம்பார்பட்டி, அஞ்சுகுழிப்பட்டி. சாணார்பட்டி இவற்றுக்கெல்லாம் ஒன்றியத் தலைமையிடம். கொடைக்கானல் போகிறவர்கள் திண்டுக்கல்லிலேயே மேற்கே திரும்பிவிடுவார்கள். மாசியில் நத்தம் மாரியம்மன் கோயில் கழுமரம் ஏறுவதைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே இறங்க மாட்டார்கள். வேலை இல்லாமல் இந்த ஊருக்கு யாரும் வருவதில்லை.

என்னோடு வந்த பெண்ணுக்கு வேலை இருந்தது. ஜெர்மனியில் டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவர். அப்பா இலங்கை மலையகத்துக்காரர், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்த அப்பாவின் தாத்தாவுக்கும் தாத்தா சாணார்பட்டியிலிருந்து போனவர் என்பது குடும்பத்துக்குள் வழிவழியாக வந்த பேச்சு. ஆள் பெயர் தெரியாது, போன வருஷம் தெரியாது. "திண்டுக்கல், சாணார்பட்டி, ஓடைக்கரைக் கருப்பு" என்ற மூன்று சொல்லை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அவர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. அது அவருடைய தாத்தாவின் பெயர். ஜெர்மனியில் ஒரு மனிதரைப் பதிவு செய்யக் குடும்பப் பெயர் கேட்பார்கள். அப்பா அகதியாகப் போய் நின்றபோது அலுவலகத்தில் கேட்டார்கள், அவர் தன் அப்பா பெயரைச் சொன்னார், அது எழுத்தில் ஏறிவிட்டது. ராமசாமி மகன் முத்துசாமி என்றால் நமக்கு ரா. முத்துசாமி. அங்கே முத்துசாமியின் மனைவியும் ராமசாமி, மகளும் ராமசாமி, அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையும் ராமசாமியாகலாம். இப்படித் தாத்தாவின் பெயரைச் சுமக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஐரோப்பா முழுக்க இருக்கின்றன. இரண்டு தலைமுறை போனால் அது அசல் குடும்பப் பெயராகவே ஆகிவிடும். ஆனால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு சாணார்பட்டிக்கு வந்தால் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. இங்கே அது எத்தனையோ ஆண்களின் பெயர்.

அவருடன் படித்த ஜெர்மன் பிள்ளைகள் பள்ளியில் குடும்ப மரம் வரைந்தபோது, பலருக்கு அது ஐந்தாறு தலைமுறைக்கு எட்டியதாம். எட்டத்தான் செய்யும். முல்லர் என்றால் ஆலைக்காரன், ஷ்மிட் என்றால் கொல்லன். பெயர் நிலைத்துப் பல நூற்றாண்டாகிறது. மதச் சீர்திருத்தக் காலமான 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஊர்க் கோயில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஹாம்பர்க் துறைமுகத்தில் 1850 முதல் 1934 வரை கப்பலேறியவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் மில்லர் என்று பெயரை மாற்றிக்கொண்ட முல்லரின் கொள்ளுப்பேத்தி, அந்தப் பட்டியலில் தொடங்கிச் சொந்தக் கிராமத்துக் கோயில் புத்தகம் வரைக்கும் போய்விட முடியும். 1876 ஜனவரி முதல் நாளிலிருந்து ஜெர்மனி முழுக்கப் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசாங்கப் பதிவுக்கு வந்தன.

அதே 1876இல்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். மதுரை ஜில்லாவில் சேர்ந்திருந்த திண்டுக்கல் சீமையும் அதற்குத் தப்பவில்லை. பஞ்சத்துக்கு முன்னாலும் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இலங்கையில் காப்பித் தோட்ட வேலைக்கு 1823 முதல் ஆள் போனதாகக் கணக்கு. 2023இல் மலையக மக்கள் அந்த 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காப்பிக் காலத்தில் பறிப்புக்குப் போய்ப் பணத்தோடு ஊர் திரும்புவதுதான் வழக்கம். 1869இல் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்து தோட்டங்கள் அழிய, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். போனவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் பதிவேடு உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதினார்கள். அடிமைத்தனத்துக்காக எழுதிய அந்த ஏட்டைத்தான் இன்று டர்பனில் பேரப்பிள்ளைகள் புரட்டுகிறார்கள். இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்த ஏடுகூடக் கிடையாது. கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், உறவுமுறை சொல்லி இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு நடப்பான். சாணார்பட்டியிலிருந்து என்றால் நத்தம், மதுரை, ராமநாதபுரம், அங்கிருந்து கடல் தாண்டி மன்னார், பிறகு காட்டு வழியாக மாத்தளை. வழியில் காலராவில் விழுந்தவர்களுக்குக் குழி வெட்டக்கூட ஆள் நிற்கவில்லை. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்த வழிப் பயணம் ரயிலும் கப்பலுமாக மாறியது. நடந்து போன தலைமுறையின் பெயர் தோட்டத்துப் பேர்ப்பட்டியலில் கணக்குப்பிள்ளை காதில் விழுந்தபடி ஏறியது, அவ்வளவுதான். நம் ஊர் அரசாங்கப் புத்தகத்திலும் அவர்கள் இல்லை. பட்டாவும் அடங்கலும் நிலம் வைத்திருந்தவனின் பெயரைச் சொல்லும். நிலம் இருந்தவன் எதற்குக் கண்டிச்சீமைக்கு நடக்கப்போகிறான்?

பத்திரம் இல்லை என்பதே பிற்பாடு இவர்கள் தலையில் இடியாக இறங்கியது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமோ அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கூறு போட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று விட்டுவைத்தார்கள். அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையகத்தார் ரயிலைக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சிகளில் இருந்தும் வெளியிலிருந்தும் எழுந்த அழுகையைப் பற்றிப் பேசாத மலையகக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அண்ணன் இந்தியா, தம்பி சிலோன் என்று ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், குடும்பங்கள் பிரிந்தன.

இந்தப் பெண்ணின் தாத்தா அங்கேயே நின்றவர். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பங்களில் இவர்களும் சேர்ந்தார்கள். 1983க்குப் பிறகு அதுவும் நிலைக்கவில்லை. அப்பா கிழக்கு பெர்லினுக்கு விமானம் ஏறி அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்துப் பையன்கள் போன வழி அது. பிற்பாடு ரூர் பகுதியில் வேலை, கல்யாணம், மகள். 2002இல் குடமுழுக்குக் கண்ட ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருஷந்தோறும் போவார்களாம். அங்கே யாரும் "உங்கள் சாமி எது" என்று கேட்டதில்லை என்றார்.

சாணார்பட்டியில் கேட்டது அதைத்தான். அதற்கும் முன்னால் இன்னொன்றைக் கேட்டார்கள்.

கடைவீதியில் டீ குடித்துக்கொண்டே நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னோம். டீக்கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "கண்டிக்குப் போனவக பேத்தியா?" என்றார். அவருடைய பாட்டி வழியிலும் அப்படி ஒரு கிளை போயிருக்கிறது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி என்னிடம், "தம்பி, என்ன ஆளுக?" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. சாதியைக் கேட்கிறார் என்று நான் விளக்கியபோது, அப்பா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை என்றார்.

தமிழ்நாட்டில் பூர்வீகம் தேடுகிறவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அதை மூடி மறைத்து எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி இங்கே சேரியில் வைக்கப்பட்டிருந்த ஜனங்கள். போனதற்குப் பஞ்சம் ஒரு காரணம் என்றால், ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத வாழ்க்கை இன்னொரு காரணம். பூர்வீகத்தைத் தேடி வரும் பிள்ளைக்கு ஊர் கையில் கொடுப்பது முதலில் ஒரு தெருவைத்தான். இதே ஊர்ப் பெயரில் இருக்கும் சமூகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாணார் என்ற பெயரை அவர்கள் வேண்டாம் என்று தள்ளி, நெடுங்காலம் போராடி, 1921இல் நாடார் என்று அரசாங்கத்தை எழுத வைத்தார்கள். ஊர்ப் பலகையில் பழைய பெயர் அப்படியே நிற்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னது. பலர் மேடையிலேயே எடுத்தார்கள். அதனால்தான் இன்று நம் பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர் எல்லாம் ஆங்கில எழுத்தில் உருமாறிக் குடும்பப் பெயராகவே தங்கிவிட்டன. பெயரில் வால் இல்லாமல் பூர்வீகம் தேடுவது சிரமம்தான். அந்தச் சிரமத்தை நான் விரும்பி ஏற்கிறேன்.

பெரியவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. "சரி, சாமி என்ன சாமி?" என்று அடுத்ததற்குப் போனார். ஓடைக்கரைக் கருப்பு என்றதும் பெஞ்சில் இருந்த மற்றவர்களும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். கருப்பு என்றால் இந்தப் பக்கம் எத்தனையோ கருப்பு. ஓடைக்கரை என்றால் இரண்டு. ஒன்று தெற்கே சிறுமலை அடிவாரத்தில், இன்னொன்று செங்குறிச்சிப் பக்கம். இரண்டுக்கும் வேறு வேறு பங்காளி வகையறா. அடிவாரத்துக் கோயில் பெரிய பூசாரி வீட்டுக்கு டீக்கடைக்காரரே வண்டியில் முன்னால் போய் வழி காட்டினார்.

பூசாரிக்கு எண்பது இருக்கும். திண்ணையில் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். பெயரைக் கேட்டார், தாத்தா பெயரைக் கேட்டார். கடவுச்சீட்டில் இருந்த பெயரை இவர் சொன்னதும் கையை அசைத்து ஒதுக்கிவிட்டார். "பேரு கெடக்கட்டும் தாயி. பேரு பாட்டன் பேருதான் பேரனுக்கு வரும், சுத்திச் சுத்தி அதே பேருதான். அத வச்சி என்னத்தக் கண்டுபிடிக்க? ஒங்க வீட்டுல சாமி எப்பிடிக் கும்புடுவாக, அதச் சொல்லு."

இவருக்குத் தெரிந்த அளவு சொன்னார். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் மூன்று கல். மலையகத் தோட்டங்களில் கவ்வாத்துச் சாமி என்று கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சாமி உண்டு, தேயிலை ஆலைச் சக்கரத்துக்கு ரோதை முனி உண்டு. அவை எல்லோருக்கும் பொது. இந்த மூன்று கல் மட்டும் இவர்கள் குடும்பத்துக்கு. மாசி சிவராத்திரியை ஒட்டிப் பொங்கல். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

பூசாரி கேட்க ஆரம்பித்தார். கேள்விகள் ஒவ்வொன்றும் நுணுக்கமானவை. பொங்கல் பானை எந்தத் திசையில் பொங்கி வழிய வேண்டும்? கிடாயா, சேவலா? கிடாய் என்றால் கருப்பா, செம்மறியா? கறியைப் பெண்கள் சாப்பிடலாமா? மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாமா, அங்கேயே குழி தோண்டிப் புதைக்கணுமா? சாமிக்குக் கூரை போடலாமா? திருநீறா, மஞ்சள் பொடியா? அந்தப் பெண் டோர்ட்மண்டுக்குக் கூப்பிட்டார். அப்பாவுக்குப் பாதிதான் தெரிந்தது. சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டு வந்தவர். "அக்காவிடம் கேள்" என்றார். அக்கா ஹட்டன் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார், எழுபது தாண்டியவர். அவரைப் பிடித்து, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டதும் திண்ணையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பானை கிழக்கே வழிய வேண்டும். கருங்கிடாய். தலைக்கறி ஆண்களுக்கு மட்டும், பெண்பிள்ளைகள் தொடக்கூடாது, ஆனால் வயதுக்கு வராத சிறுமிகளுக்கு உண்டு. மிஞ்சினது ஒரு துண்டுகூட லயத்துக்குள் வரக்கூடாது. கூரை போட்டால் சாமி ஏற்காது என்று அவருடைய தாத்தா சொன்னது. தோட்டத்துத் துரை தகரம் தருகிறேன் என்றும் வாங்கவில்லை. பூசை முடிந்து திரும்பும்போது யாரும் யாரிடமும் "வருகிறேன்" என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். கடைசியைக் கேட்டதும் பூசாரி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது எங்க வழக்கம்தான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பானை மட்டும் இடிக்கிறது என்றார். இங்கே வடக்கே வழிய வேண்டும். கிழக்கே என்பது செங்குறிச்சிக்காரர்கள் வழக்கம்.

எழுதி வைக்காத ஒரு ஜனம், நூற்றைம்பது வருஷம் கடல் தாண்டி, தன் விலாசத்தைச் சமையல் முறையில் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஜெர்மன் கோயில் புத்தகத்துக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பேன். அதைக் காப்பாற்றியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அத்தைக்கு அது குலதெய்வம் இல்லை. புருஷன் வீட்டுச் சாமிதான் அவருக்குச் சாமி. பங்காளிக் கணக்கில் அவர் பெயர் வராது. கறியில் அவருக்குப் பங்கு இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் தன்னை வெளியே அனுப்பிய வீட்டின் முறையை அவர் ஒன்று விடாமல் மனதில் வைத்திருக்கிறார், ஆண்பிள்ளை மறந்துவிட்டார். நம் குலதெய்வ ஏற்பாட்டின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த இடம் நியாயமில்லை.

பூசாரி உள்ளே போய் ஒரு நீளக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. மாசிக் கும்பிடுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வரி. நோட்டு அவர் அப்பா காலத்தில் எழுதத் தொடங்கியது, அதற்கு முன்னால் எழுத்து இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், மதுரையில் இருப்பவர்கள், மும்பையில் இருப்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். மலேசியாவுக்குப் போன ஒரு வகையறா சில வருஷங்களுக்கு முன் வந்து பிடிமண் கேட்டார்களாம். சாமி பீடத்தடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போய், போன இடத்தில் வைத்துக் கோயில் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த மூன்று கல்லுக்கு அடியிலும் பிடிமண் இருக்கும் என்று பூசாரி உறுதியாகச் சொன்னார். நடந்து போனவன் துணிமணி கொண்டு போயிருக்க மாட்டான், மண் கொண்டு போயிருப்பான் என்றார்.

அவருடைய அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார்: பங்காளியில் அண்ணன் தம்பி கண்டிச்சீமைக்குப் போனார்கள், ஒருத்தர் வந்து சேர்ந்தார், மற்றவர்கள் வரவில்லை. போனவர்களின் பெயர் அவருக்கும் தெரியாது. "வரி போட ஆளு இல்லையின்னு விட்டுட்டோம். வேணாமின்னு விடல தாயி."

அந்தப் பெண் தான் வரி கட்டலாமா என்று கேட்டார். அப்பா பெயரில் கட்டலாம் என்றார் பூசாரி, அதுவும் பங்காளிகள் கூடிப் பேசின பிறகு. தன் பெயரிலும் அத்தை பெயரிலும்? அப்படி எழுதின வழக்கம் இல்லை என்றார். இவர் விடவில்லை. முறையைச் சொன்னது அத்தைதானே, தேடி வந்தது நான்தானே என்று தன் மலையகமும் ஜெர்மனியும் கலந்த தமிழில் கேட்டார். கூட்டத்திலிருந்த இரண்டு பெண்கள், "அதான கேக்குது அந்தப் புள்ள" என்றார்கள். பூசாரி கோபப்படவில்லை. சிவராத்திரிக்கு வகையறா முழுக்க வரும், நீயும் வா, வந்து அந்தக் கூட்டத்தில் கேள் என்றார். அதற்கு முன்னால் செங்குறிச்சிக்குப் போய் அந்தப் பூசாரியையும் பார்த்துவிடச் சொன்னார். பானை கிழக்கே வழிந்தால் அவர்கள் ஆளாகவும் இருக்கலாம், இல்லையென்றால் தோட்டத்தில் இடத்துக்குத் தகுந்தபடி மாறியிருக்கலாம். தோட்டத்தைப் பார்த்து வந்தவர்கள் சொல்லி அவருக்கே தெரியுமாம், மலைச்சரிவில் எந்தப் பக்கம் சமதரையோ அந்தப் பக்கம்தான் அடுப்பு வைக்க முடியும்.

டீக்கடைக்காரர் செங்குறிச்சிப் பூசாரியின் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் ஹட்டனுக்குக் கூப்பிட்டு அந்த லயத்து மரத்தடியில் கிழக்குப் பக்கம் மேடா பள்ளமா என்று அத்தையிடம் கேட்டார் அந்தப் பெண். பள்ளம் என்றார் அத்தை. மேற்கே பாறை, வடக்கே கால்வாய்.